கணவாய் மூடுவதற்கு முன்

நேற்று மத்தியானம் கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. பிரித்துப் பார்த்தால் கனமான கம்பளிக் கோட்டு. சங்கரன்கோவில் வெயிலில் அதைத் தொட்டதுமே உள்ளங்கை வேர்த்தது. முகத்தருகே கொண்டுபோனேன். புதுத் துணி வாசத்துக்கு அடியில் ஆட்டு ரோமத்தின் முடைநாற்றம் லேசாக இருந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நீ உன் டிரங்குப் பெட்டியைத் திறந்த அன்று வளவு முழுக்கப் பரவி நின்ற நாற்றம் அது. நீ போய் நாற்பது வருசத்துக்கு மேல் ஆகிறது. மூக்கு எதையும் மறக்கவில்லை.

அனுப்பியவள் உன் மகள் கோமதி. சாயங்காலம் சென்னையிலிருந்து போனில் கூப்பிட்டாள். “பெரியம்மா, கோட்டு அளவு சரியா இருக்கா? ஜனவரியில போறோம். ஒங்களுக்கும் டிக்கெட் பாக்கட்டுமா?” என்றாள். எந்த ஊருக்கு என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உன்னோடு உட்கார்ந்து இதே வழிக்கு மூட்டை கட்டிய நாட்கள் நினைவுக்கு வந்தன. அதனால்தான் இன்று உனக்கு எழுதுகிறேன். படிக்க நீ இல்லை என்று தெரியும். தமிழ் எழுத்து உனக்குக் கடைசிவரை வரவும் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் நீ எங்கள் வளவுக்கு வந்தாய். நடுவில் பொது முற்றம், ஒரே ஒரு குழாய், சுற்றிலும் ஒட்டி ஒட்டி வீடுகள். உன் வீட்டுக்காரர் வடக்கே மலைரோடு போடுகிற வேலையில் லாரி ஓட்டப் போனவர், திரும்பி வரும்போது உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். சிவந்த கன்னமும் சின்னக் கண்ணுமாக நீ வாசலில் நின்றதைப் பார்த்துவிட்டு எல்லாரும் உன்னை நேப்பாளத்துக்காரி என்றார்கள். “நேப்பாளம் இல்ல, லாஹுல், லாஹுல்” என்று நீ சொல்லிப் பார்த்தாய். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

தமிழை நீ குழாயடியில் கற்றாய். முதலில் உனக்குக் கிடைத்த வினை ஒன்றுதான். “தண்ணி வருது, மழ வருது, நான் வருது” என்பாய். ஒரு வருசம் கழிந்தபோது, குடத்தை முந்தி வைத்தவளை நீ ஏசிய ஏச்சில் பேச்சியம்மாக்காவே வாயடைத்துப் போனாள். எங்கள் வளவில் அவள் வாயை அடைத்தவர் அதற்குமுன் யாரும் கிடையாது. ஒருநாள் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது மேற்கே கைகாட்டி, “அது என்ன யக்கா?” என்று கேட்டாய்.

“மலைட்டி. மேற்கு மலை.”

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அது மலை இல்ல யக்கா. வரப்பு” என்றாய்.

உன் அம்மாவைப் பற்றி நீ சொன்னது மிகக் கொஞ்சம். கீழ்நாட்டுக்காரனைக் கட்டிக்கொண்டு போகிறாய் என்ற கோபத்தில், நீ புறப்பட்ட அன்று அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வாசல்வரைகூட வரவில்லை. அதன்பிறகு நீ அவளைப் பார்க்கவில்லை. கோமதி பிறந்ததை உன் தம்பி மூலமாகத் தெரியப்படுத்தினாய். பதில் வரவில்லை.

பிள்ளைக்கு நாலு வயசு நடக்கும்போது, கார்த்திகை மாத மழையில் அந்தத் தந்தி வந்தது. எங்க வீட்டுக்காரர் ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவர், இங்கிலீஷ் படிப்பார் என்று அதை அவரிடம்தான் கொண்டுவந்தாய். “அம்மா ரொம்ப மோசமாம். ஒடனே வரச் சொல்லி ஒன் தம்பி அடிச்சிருக்கான்” என்றார். நீ அழவில்லை. மழையைப் பார்த்தாய். பிறகு வீட்டுக்குள் போய்ப் பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் திறந்தாய். அந்த ஊர்க் கம்பளி உடுப்பெல்லாம் அதில்தான் இருந்தது.

உன் வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் லாரியை விட்டுவிட்டு வந்தார். பெட்டி திறந்து கிடந்ததைப் பார்த்ததுமே முகம் கறுத்தது. அவர் எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் விளக்கிச் சொன்னபிறகுதான் விஷயம் புரிந்தது. மணாலிவரைக்கும் ரயிலும் பஸ்ஸும் உண்டு. அதற்கு வடக்கே ரோதாங் கணவாய். அதைத் தாண்டினால்தான் உன் ஊர். குளிர்காலம் தொடங்கியதும் கணவாயில் பனி மூடிவிடும், பஸ் நின்றுவிடும், வைகாசியில்தான் வழி திறக்கும். இடையில் போயே தீரவேண்டும் என்பவர்கள் கூட்டமாகச் சேர்ந்து பனியில் நடந்து தாண்டுவார்கள். தாண்டுகிறவர்களும் உண்டு, தாண்டாதவர்களும் உண்டு.

“அந்தப் பேருக்கே பொணக்குவியல்னு அர்த்தம் சொல்லுவாவ அங்கன. நான் அந்த ரோட்டுல வண்டி ஓட்டுனவன். வெயில் காலத்துலயே சாமியக் கும்பிட்டுட்டுத்தான் கியரப் போடுவோம்” என்றார்.

“பேரச் சொல்லாதீய” என்று நீ வெடுக்கென்று சொன்னாய். “போகப் போற ஆளு வீட்டுல அந்தப் பேரச் சொல்லக் கூடாது. எங்கம்மா சொல்ல விடமாட்டா.”

அன்றிலிருந்து நம் பேச்சில் அது “அந்த எடம்” ஆயிற்று. அந்த எடத்துக்குக் கீழே, அந்த எடத்துக்கு மேலே, அந்த எடம் தாண்டி. பேர் இல்லாமல் போனதும் அது எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

உன் திட்டத்தை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. எங்க வீட்டுக்காரர் ரயில் அட்டவணையைக் கொண்டுவந்து மெட்ராஸ், டில்லி என்று விரல் வைத்துக்கொண்டு இருந்தார். நீ அவரிடம் கேட்டது வேறு. “அண்ணாச்சி, பௌர்ணமி என்னைக்கு?” காலண்டரைப் பார்த்து, திருக்கார்த்திகை தீபத்தன்று என்றார். நீ தலையாட்டினாய். அந்த எடத்துக்குக் கீழே கடைசியாக ஒரு தங்குமிடம் இருக்கிறதாம். அங்கிருந்து இருட்டிலேயே ஏறத் தொடங்கவேண்டும். பொழுது ஏறினால் மேலே காற்று கிளம்பிவிடும், அதற்குள் உச்சியைத் தாண்டியாக வேண்டும். தீபத்துக்கு மறுநாளிலிருந்து கொஞ்ச நாளைக்கு நிலா விடிகிறவரைக்கும் வானத்தில் நிற்கும். அந்த வெளிச்சத்தில்தான் நீ நடக்கவேண்டும். அதை விட்டால் அடுத்த நிலாவுக்குள் பனி இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும்.

“காத்து வந்துட்டா என்னட்டி செய்வ?” என்று கேட்டேன்.

சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாய். “நடக்கணும் யக்கா. ஒக்காரக் கூடாது. ஒக்காந்தா சொகமா இருக்கும், தூக்கம் வரும். எங்க மாமா ஒருத்தர் ஒக்காந்துட்டாரு. வைகாசியில பனி எறங்குனப்ப பாத்தாவ. முதுகுல மூட்டையோட அப்படியே ஒக்காந்திருந்தாரு. சிரிச்ச மாதிரி இருந்துச்சு மொகம்.” சொல்லிவிட்டுச் சுளகிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாய். எனக்கு அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை.

ஆனாலும் மூட்டை கட்ட நான்தான் வந்தேன். நான் சுட்ட முறுக்கை நீ வேண்டாம் என்றாய், அங்கே கல்லாகிப் பல்லை உடைத்துவிடுமாம். கருப்பட்டி, சுக்கு, பொரிகடலை, எள்ளுருண்டை, கையுறையைக் கழற்றாமல் வாயில் போட்டுக்கொள்ளக்கூடியவை. பனி வெளிச்சம் கண்ணை அவித்துவிடும் என்று, கடையநல்லூரில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற பாயிடமிருந்து உன் வீட்டுக்காரர் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிவந்தார். பிள்ளை அதை மாட்டிக்கொண்டு முற்றத்தில் திரிந்தது. எல்லாரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டு இருந்தாய்.

முதலில் போட்ட திட்டம் மூன்று பேருக்கும். மணாலிவரை குடும்பமாகப் போவது, அங்கே அவரும் பிள்ளையும் தெரிந்தவர் வீட்டில் தங்குவது, நீ அங்கே வந்து காத்திருக்கும் தம்பியோடு தாண்டுவது. ஆனால் உன் மனசில் வேறொன்று இருந்ததை நான் அறிவேன். தம்பியின் முதுகில் கட்டிப் பிள்ளையையும் தாண்டவைத்து, உன் அம்மாவின் மடியில் போடவேண்டும். “அங்கன பிள்ளைகளக் கட்டிட்டுப் போவாவ யக்கா, புதுசு இல்ல” என்று ஒருநாள் என் காதோடு சொன்னாய். உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். “சொல்லுங்க. அவியளுக்குத் தெரியும்” என்றாய்.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் காலையில் முகத்திலும் நெஞ்சிலும் முத்து முத்தாக அம்மை.

பேச்சியம்மாக்கா வேப்பிலை ஒடித்துவந்து உன் வாசலில் செருகினாள். “அம்மன் வந்து உக்காந்திருக்கா. தலைக்குத் தண்ணி விடுத வரைக்கும் இந்த வீட்டு ஆளு ஊரு எல்லை தாண்டப்பிடாது, சொல்லிட்டேன்” என்றாள். நீ பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் வருடிக்கொண்டே இருந்தாய்.

வெளியே மழை. உன் வீட்டுக்காரர் நிலைப்படியில் நின்று பேசினார். நான் உள்ளே பால் காய்ச்சிக்கொண்டு இருந்தேன்.

“பிள்ள எந்திரிக்கட்டும். பொறவு போவோம்.”

“பொறவு வழி இருக்காது.”

“அப்ப சித்திரை முடியட்டும். வைகாசியில மூணு பேரும் பஸ்ஸுலயே போவோம்.”

“வைகாசியில எங்கம்மா இருக்க மாட்டா.”

பிறகு அவர், “சரி. பிள்ளைய யக்கா பாத்துக்கிடட்டும். நான் ஒங்கூட வாரேன்” என்றார்.

“நீங்க வரவேண்டாம்.” உன் குரலில் கோபம் இல்லை. விலை பேசி முடித்த குரல்போல இருந்தது. “ரெண்டு பேரும் அங்கன போகப்பிடாது. பிள்ளைக்கு ஒரு ஆளு வேணும்.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் துடைக்காமல் நின்றேன்.

மறுநாள் மத்தியான ரயிலில் நீ புறப்பட்டாய். வளவில் ஒருத்தரும் வெளியே வரவில்லை. அம்மை போட்ட வீட்டிலிருந்து பயணம் போகிறவள் முகத்தில் விழிக்க அவர்களுக்குப் பயம். உன் வீட்டுக்காரர் மெட்ராஸ்வரை வந்து உன்னை டில்லி ரயிலில் ஏற்றிவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. நான் பிள்ளையோடு இருந்தேன். ரயில் ஊதுகிற சத்தம் கேட்டபோது அது தூங்கிக்கொண்டு இருந்தது.

திருக்கார்த்திகை அன்று மழை விட்டிருந்தது. வளவில் வீட்டுக்கு வீடு விளக்கு வைத்தார்கள். உன் வாசலில் நான் வைத்தேன். கிழக்கே நிலா எழுந்ததும் எல்லாரும் கும்பிட்டார்கள். எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. இந்த நிலா தேய்வதற்குள் நீ நடந்து முடிக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. உன் வீட்டுக்காரர் அதை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. முற்றத்தில் உட்கார்ந்து, காய்ந்த அம்மைப் பொருக்கைச் சொறியாதபடி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

அப்புறம் காத்திருப்பு. நிலா கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒரு கீற்றாகி இல்லாமல் போனது. தந்தியை ஸ்டேஷன் விலாசத்துக்குத்தான் அடிக்கச் சொல்லியிருந்தோம். எங்க வீட்டுக்காரர் தினமும் வேலை முடிந்து வரும்போது அவர் முகத்தைப் பார்ப்பேன், இல்லை என்று தலையை ஆட்டுவார். பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணி விட்டோம். அது எழுந்து நடந்து, “அம்ம எங்கன?” என்று ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தது.

மார்கழிக் கோலம் போடத் தொடங்கிய பிறகு தந்தி வந்தது. சேர்ந்துவிட்டாய். அம்மா உயிரோடு இருக்கிறாள். எங்க வீட்டுக்காரர் சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து படித்தார். உன் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் டப்பாவிலிருந்த சீனியை அள்ளி வளவில் எல்லார் வாயிலும் போட்டேன். பேச்சியம்மாக்கா கோயிலுக்குப் போய் அம்மனுக்குச் சூடம் ஏற்றிவிட்டு வந்தாள்.

தையில் உன் கடிதமும் வந்தது. குளிர்காலத்திலும் ஆட்கள் தபால் மூட்டையைச் சுமந்து கணவாயைத் தாண்டுவார்களாமே! இந்தியில் இருந்ததை உன் வீட்டுக்காரர் வரிவரியாகத் தமிழில் சொன்னார். காற்று நீங்கள் நினைத்ததற்கு முன்பே வந்துவிட்டது. கூட்டத்தில் ஒருவன் உட்காரப் பார்த்தான். நீ அவனை நம் குழாயடி ஏச்செல்லாம் ஏசி, தமிழிலேயே ஏசி, கம்பால் தட்டி எழுப்பி நடத்திக் கூட்டிப்போனாய். “ஒரு வார்த்தையும் அவனுக்குப் புரியவில்லை. ஆனால் நடந்தான். யக்காவிடம் சொல்லுங்கள்” என்று எழுதியிருந்தாய். உன் அம்மா உன்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, “பிள்ளை எங்கே?” கொண்டுவராததற்கு ஒருநாள் முழுக்கத் திட்டினாளாம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து உட்கார்ந்து, இப்போது அடுப்படிக்கு வந்துவிட்டாளாம். வழி திறந்ததும் முதல் பஸ்ஸில் வருவதாக எழுதியிருந்தாய்.

அன்றிலிருந்து எங்களுக்குப் பயம் விட்டுப்போனது. இருந்த பயத்தையெல்லாம் அந்த எடத்துக்கே கொடுத்துவிட்டிருந்தோம். நீ தாண்டிவிட்டாய், வீட்டுக்குள் அம்மாவோடு கணப்படுப்பு முன்னால் இருக்கிறாய், இனி என்ன?

பங்குனியில், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு முற்பகல், முற்றத்தில் வத்தல் போட்டுக்கொண்டு இருந்தேன். எங்க வீட்டுக்காரர் வேளை கெட்ட வேளையில் வந்தார். சைக்கிளை மெதுவாக, சத்தம் இல்லாமல், சுவரில் சாய்த்தார். அதைப் பார்த்ததுமே என் கை நின்றுவிட்டது.

“வீடே இல்லியாம்” என்றார். “எல்லாரும் போய்ட்டாவளாம்.”

உன் ஊர்க்காரர் ஒருவர் பின்னால் எழுதிய கடிதத்தில் விவரம் இருந்தது. மாசி கடைசியில் பல நாள் விடாமல் பனி கொட்டியிருக்கிறது. ஒரு காலையில், நீங்கள் சமைத்துக்கொண்டு இருந்த நேரம், வீட்டுக்குப் பின்னாலிருந்த சரிவு மொத்தமாக இறங்கிவிட்டது. நீ, உன் அம்மா, தம்பி, அவன் பெண்டாட்டி. அந்தச் சரிவிலிருந்து பனி அதற்குமுன் அவ்வளவு தூரம் வந்ததே இல்லையாம். உன் அம்மா பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சரிவு அது.

தந்தி வந்தபோது உன் வீட்டுக்காரர் சரக்கோடு வெளியூர் போயிருந்தார். அவர் வருகிறவரை பிள்ளையை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். வளவில் யாரும் சத்தம் போட்டு அழக்கூடாது என்று பேச்சியம்மாக்கா கட்டளை போட்டாள். அவள் மட்டும் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். “அம்மன் அந்தப் பிள்ளைய விடலட்டி. அதுக்குத்தான் வந்து உக்காந்திருக்கா” என்றாள். அம்மை வராமல் இருந்திருந்தால் பிள்ளையும் அந்த வீட்டுக்குள் இருந்திருக்கும். அம்மை வந்ததற்காக அவளைப்போல் என்னால் கும்பிடவும் முடியவில்லை.

வழி திறந்ததும் உன் வீட்டுக்காரர் போனார். அவர் போய்ச் சேர்வதற்குள் உங்களைக் கண்டெடுத்து எரித்து முடித்திருந்தார்கள். திரும்பிவந்து குழாய் மேடையில் உட்கார்ந்தார். “ஒண்ணும் இல்ல. கல்லு கெடக்கு. பக்கத்து வயல்ல வெதச்சிருக்காவ” என்றார். குழாயைத் திறந்து காலைக் கழுவிக்கொண்டே, “நானும் வாரேன்னேன். வேண்டாம்னா. அவளுக்குத் தெரிஞ்சிருக்குமோ?” என்று கேட்டார். அதே கேள்வியை அவர் சாகிறவரைக்கும் வேறு வேறு விதமாக என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வடக்கே போகிற சரக்கு எதையும் அதன்பிறகு ஏற்றவும் இல்லை.

கோமதி என் பிள்ளைகளோடு வளர்ந்தாள். சாப்பாடு எங்கள் வீட்டில், தூக்கம் அவள் அப்பாவோடு. நன்றாகப் படித்தாள். பன்னிரண்டு வயதிருக்கும்போது பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருத்தி, “அம்மை போட்ட பிள்ளைய விட்டுட்டுப் போனவ ஒங்கம்மா” என்று சொல்லிவிட்டாள். வந்து என் முன்னால் நின்று, “நெசமா பெரியம்மா?” என்று மட்டும் கேட்டாள். நெசம்தான் என்றேன். அவள் பாட்டியைப் பற்றி, நிலாவைப் பற்றி, வழி மூடுவதைப் பற்றி எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஆனால் அந்த வயதில் காதில் நிற்பது முதல் சொல்தானே. அன்றிலிருந்து உன்னைப் பற்றி அவள் பேசவில்லை. உன் படத்தை வீட்டில் மாட்ட விடவில்லை. கல்யாணப் பத்திரிகையில் உன் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று அச்சகத்தில் கேட்டபோதும், “பெரியம்மாட்ட கேளுங்க” என்று எழுந்து போய்விட்டாள்.

இப்போது மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டுவிட்டார்களாம். அந்த எடத்துக்கு மேலே யாரும் ஏறவேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் கார் அந்தப் பக்கம் போய்விடுமாம். கோமதி எப்படியோ தேடி, உன் சித்தப்பா வழிப் பேரன் ஒருவனைப் போனில் பிடித்துவிட்டாள். ஊரை ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்களாம். வெயில் காலத்தில் வா என்று அவனும் சொல்லியிருக்கிறான், நானும் நேற்றுச் சொன்னேன்.

“வெயில் காலத்துல போனா அது வேற ஊரு பெரியம்மா” என்றாள். “எங்கம்மா கடைசியாப் பாத்தது பனிய. அத நான் பாக்கணும்.”

“அது பாக்குத பொருளாட்டி?” என்று கத்திவிட்டேன். நான் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் அவள் போவாள். உன் ரத்தம். உன் வீட்டுக்காரர் நிலைப்படியில் நின்றதுபோல நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவளும் போனை வைக்கவில்லை. பிறகு, இத்தனை வருசத்தில் கேட்காத ஒன்றைக் கேட்டாள். “பெரியம்மா, போகும்போது அம்மா எங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?”

சொன்னாய். அதை உன் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

நீ புறப்பட்ட அன்று காலை அவர் வண்டி பிடிக்கப் போயிருந்தார். அறையில் நாம் மூன்று பேர்தான். பிள்ளை காய்ச்சலில் கண்ணை மூடிக் கிடந்தது. நீ குனிந்து, அதன் காதருகே வாயை வைத்து, உன் பாஷையில் ஒன்றைச் சொன்னாய். நீளமானது இல்லை. ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற ஒரே ஒரு வாக்கியம். அது இந்தி இல்லை, உன் வீட்டுக்காரரோடு நீ பேசுகிற இந்தி எனக்குக் காதுப் பழக்கம். இது உன் அம்மா வீட்டுப் பேச்சு. மறுபடி அதையே சொன்னாய், மறுபடியும் சொன்னாய், பிள்ளைக்கு மருந்து புகட்டுவதுபோல. பிறகு என் பக்கம் திரும்பி, “இவளுக்கு நெனவு இருக்காது. நீங்க கேட்டுக்கிட்டீயளா யக்கா?” என்றாய். ஆமாம் என்று தலையாட்டினேன். என்ன அர்த்தம் என்று நான் கேட்பதற்குள் வாசலில் வண்டி வந்துவிட்டது. திரும்பி வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அந்தப் பேச்சு தெரிந்த உன் வீட்டு ஆட்கள் எல்லாரும் உன்னோடே போய்விட்டார்கள். உன் வீட்டுக்காரருக்கு இந்தி மட்டும்தான் வரும். அர்த்தம் தெரியாத ஒன்றைப் பிள்ளையிடம் எப்படிக் கொடுப்பது என்றுதான் இத்தனை வருசம் சொல்லாமல் இருந்தேன். எழுதி வைக்கலாமென்று ஒருமுறை பேனாவை எடுத்தேன். அந்தச் சத்தத்துக்கு நம் எழுத்து போதவில்லை. எழுதிப் படித்தபோது வேறு ஏதோவாகக் கேட்டது, பயந்து கிழித்துப் போட்டேன். வாயால் மட்டும் வைத்துக்கொண்டு இருக்கிறேன். எங்க வீட்டுக்காரர் இறந்த வருசத்திலிருந்து எனக்குச் சாமான்களின் பெயர் சில நேரம் வருவதில்லை. தெரிந்தவர் முகம் தெரிகிறது, பெயர் வருவதில்லை. ஒவ்வொரு முறை அப்படி ஆகும்போதும் முதலில் உன் வாக்கியம் இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று அதைப் போனில் கோமதியிடம் சொன்னேன். ஒரே மூச்சில், நீ சொன்ன ஏற்ற இறக்கத்தோடு. பிறகு, “இன்னொரு தடவ சொல்லுங்க” என்றாள். சொன்னேன். என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது என்பது அவளுக்கே புரிந்திருக்கும். போனில் அந்தப் பேரனிடம் சொல்லிக் கேட்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். போனில் சொல்லி, அவன் தப்பாகக் கேட்டு, தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டால், இவள் வாழ்நாள் முழுக்க அதையல்லவா வைத்துக்கொண்டு இருப்பாள்? அந்த ஊரில் வயசான பொம்பளை ஒருத்தியாவது இருப்பாள். அவள் முன்னால் உட்கார்ந்து நான் சொல்லவேண்டும்.

“எனக்கும் டிக்கெட் போடு” என்றேன்.

முட்டியில் வலி இருக்கிறது. நெஞ்சு டாக்டர் என்ன சொல்வார் என்று தெரியும், அதனால் அவரிடம் போகப்போவதில்லை. ஜனவரியில் அந்தச் சரிவு எப்படி இருக்கும் என்று நினைத்தால் இந்த வெயிலிலும் முதுகு சில்லிடுகிறது. நீ சொன்னது ஒரு ஆசீர்வாதமாக இருக்கலாம். மன்னிப்பாக இருக்கலாம். மருந்தை ஒழுங்காகக் குடி என்பதாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது அவளுடையது. கொண்டுபோய்ச் சேர்க்கிறவரை என்னிடம் இருக்கவேண்டும்.

இதை எழுதி முடிக்கும்போது வாசலில் தண்ணி லாரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான். குடத்தை எடுக்குமுன் ஒருதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். முழுசாக இருக்கிறது.